முப்பத்தொரு வீட்டில் பயணம் சொன்னவன்

சனிக்கிழமை காலையில் வாப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட்டோடு முற்றத்தில் வந்து நின்றபோதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "வா மகன், வெயில் ஏற முந்தி நாலு வீடாச்சும் முடிச்சிருவம்" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை லொறி வரும். இருபது வருடத்துக்கு மேலாக நுரைச்சோலைக்குப் பக்கத்தில் கிடுகும் தகரமுமாகத் தொடங்கி, பிறகு கல்லாகிப்போன எங்கள் வீட்டுச் சாமான்கள் அதில் ஏறும். வாப்பாவும் உம்மாவும் மன்னாருக்குத் திரும்பிப் போகிறார்கள். அவர்களோடு நானும் போகிறேன் என்று ஊர் முழுக்கத் தெரியும். நான் போகப்போவதில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த இடத்துக்கு நான் எப்படி வந்து மாட்டினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறில் புலிகள் எங்களை மன்னாரிலிருந்து வெளியேறச் சொன்னபோது எனக்கு நாலு வயது. அந்தப் பயணத்தில் எனக்கு ஞாபகமிருப்பது வள்ளத்தின் அடியில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் என் களுசான் நனைந்தது மட்டும்தான். ஊர் ஞாபகமில்லை. யுத்தம் முடிந்து சில வருடங்களில் ஆட்கள் திரும்பத் தொடங்கியபோது வாப்பா என்னைக் கூட்டிக்கொண்டு காணி பார்க்கப் போனார். காணி எங்கே இருந்தது? ஆளுயரத்துக்கு முள்ளுக் காடு. அதற்குள் ஒரு கிணற்றுக் கட்டும், பாதிச் சுவர் ஒன்றும். வாப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போய் ஓர் இடத்தில் நின்றார். "இதுதான் குசினி. இதிலதான் உன்ட உம்மாட அடுப்பு. ஞாபகம் இருக்கா மகன்?" என்று கேட்டார்.

எனக்கு அங்கே ஒரு பற்றையும் அதில் தொங்கிய குளவிக்கூடும்தான் தெரிந்தன. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி இல்லை என்பது? "ஓம் வாப்பா" என்றேன்.

அந்த ஓம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. வாப்பா திரும்பி வந்ததும் விண்ணப்பம் நிரப்பினார். திரும்பிப் போகும் குடும்பத்தவர் என்ற இடத்தில் மூன்றாவதாக என் பெயரை எழுதினார். என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. குசினியே ஞாபகமிருக்கிற பிள்ளையிடம் என்ன கேட்பது? காடு வெட்ட நான் இருக்கிறேன் என்ற நம்பிக்கையில், முழங்கால் தேய்ந்துபோன ஒரு மனிதர் இரண்டு ஏக்கரை மனதுக்குள் வெட்டி, எரித்து, வேலி போட்டு, கிணறும் இறைத்து முடித்திருந்தார்.

எனக்கு மின் நிலையத்தில் களஞ்சியப் பகுதியில் ஒப்பந்த வேலை. காலையில் ஓட்டம். எங்கள் விளையாட்டுக் கழகத்தில் ஒரு கதிரை. கண்ணை மூடிக்கொண்டு எனக்கு வழி தெரிந்த மண் இதுதான். இதையெல்லாம் காரணமாக அடுக்கலாம். நேராகச் சொன்னால், எனக்குப் போக மனமில்லை. அதைச் சொல்ல வாயுமில்லை. சின்ன வாப்பா ஏற்கெனவே அங்கே போய்ப் பக்கத்துக் காணியில் கொட்டில் போட்டிருந்தார். அவர்கள் தனியாக நிற்கப்போவதில்லை. இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் என்பதற்குக் கணக்கில்லை. வாப்பாவிடம் ஒரு தடவை சொல்லத்தான் முடியவில்லை.

எங்கள் ஆட்களிடம் நீண்ட பயணம் போகுமுன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லுகிற வழக்கம் இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கட்டாயம் செய்வார்கள். திரும்பி எப்போது வருவோம் என்று தெரியாத எந்தப் பயணத்துக்கும் செய்வார்கள். கையைக் காட்டிவிட்டுப் போகிற விஷயமில்லை அது. போகிறவர் இரண்டு கையாலும் ஸலாம் கொடுத்து, தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். இருப்பவர் பொறுத்துவிட்டேன் என்று சொல்லி, தன்னையும் பொறுத்துக்கொள்ளும்படி கேட்க வேண்டும். போகிறவர்தான் முதலில் கேட்பார், இருப்பவர் பதில் சொல்வார். இந்த ஒழுங்கு மாறாது.

வாப்பாவுக்குத் துணையாகப் போகிறேன், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு முதல் வீட்டுப் படியேறினேன். வீட்டுக்காரர் வாப்பாவின் கையைப் பிடித்தார். வாப்பா சொன்னார்: "தெரிஞ்சோ தெரியாமலோ எங்களால ஏதும் பிழை நடந்திருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க."

"அப்பிடி ஒண்டுமில்ல. நாங்க பொறுத்திட்டம். நீங்களும் எங்களப் பொறுத்துக்கொள்ளுங்க."

பிறகு அவருடைய கைகள் என் பக்கம் திரும்பின. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் நீட்டிய கையோடு காத்திருந்தார். வாப்பா என்னைப் பார்த்தார். என்ன செய்ய? கையைக் கொடுத்தேன். அவர் இன்னும் காத்திருந்தார், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லும்வரை. "பொறுத்துக்கொள்ளுங்க" என்று தொண்டைக்குள் முணுமுணுத்தேன். "பொறுத்தாச்சு மகன்" என்று அவர் என் முதுகைத் தட்டினார். போகாத பயணத்துக்கு மன்னிப்புக் கேட்டு, அது கிடைத்தும்விட்டது.

மூன்றாவது வீட்டில் எனக்குத் தடுமாற்றம் இருக்கவில்லை. பத்தாவது வீட்டில் வாப்பாவுக்கு முன்னால் என் கை நீண்டது. வெட்கம் கெட்ட கை.

ஒவ்வொரு வீட்டிலும் பிளேன்டீ. பயணம் சொல்ல வந்தவர் ஒன்றும் குடிக்காமல் எழுந்து போனால் மனதில் இன்னும் ஏதோ வைத்திருக்கிறார் என்று அர்த்தமாகிவிடும். அதனால் குடித்தேன். சில வீட்டில் தொதல், சில வீட்டில் பிஸ்கட். அடுத்த நாள் பத்துக் கிலோமீற்றர் ஓடவேண்டிய வயிறு அது. ஊரே சேர்ந்து அதை நிரப்பியது.

கிழக்குப் பக்கத்து வேலிக்காரரோடு வாப்பா ஆறு வருடமாகப் பேசுவதில்லை. குழாய்க் கிணற்று மோட்டாரை யார் எத்தனை மணிக்குப் போடுவது என்பதில் வந்த சண்டை. அந்த வீட்டு வாசலில் வாப்பா கொஞ்சம் தயங்கி நின்றார். உள்ளேயிருந்து மனுசன் தானாகவே வந்து படலையைத் திறந்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுமுன் அழத் தொடங்கிவிட்டார்கள். ஆறு வருடமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மியதைப் பார்க்க எனக்கும் கண் கலங்கியது. அந்த வீட்டில் பிளேன்டீயோடு விடவில்லை. வட்டிலப்பம் வந்தது.

கிளம்பும்போது அவர் என் இரண்டு கையையும் பிடித்தார். "மகன், நீங்க கூடப் போறதாலதான் இந்த மனுசன நான் விடுறன். இல்லாட்டி இந்தப் படலையப் பூட்டி இஞ்சயே வச்சிருப்பன். வாப்பாட முழங்கால் சரியில்ல. பாத்துக்கொள்ளுங்க" என்றார்.

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்வேன், அந்த வாய்க்கு அது ஒன்றுதானே தெரியும்.

நாங்கள் முதன்முதலில் வந்திறங்கியபோது தன் தென்னந்தோட்டத்தில் இருக்க இடம் கொடுத்த வீட்டு மாமியிடம் கடைசியாகப் போனோம். அவர் திரைக்குப் பின்னால் நின்று பேசினார். ஒரு தென்னங்கன்றை வேரில் சாக்குக் கட்டி எடுத்து வைத்திருந்தார். "இத மகன்ட கையாலதான் நடணும். முதல் வந்தநேரம் என்ட முற்றத்தில தென்னம்பிள்ளையப் புடுங்கி எறிஞ்ச பிள்ள. அந்தக் குற்றத்துக்கு இது பரிகாரம்" என்று சிரித்தார். முப்பத்தொன்றாவது வீடு. திரும்பி வரும்போது வாப்பா முன்னால் நொண்டிக்கொண்டு நடக்க, நான் கன்றைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால் நடந்தேன். ஊர் என்னை மன்னித்து அனுப்பிவிட்டது. இனி நான் இங்கே இருப்பதென்றால் எந்த முகத்தோடு இருப்பது?

அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தது அடுத்த இடி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கழகம் வருடா வருடம் வைக்கிற வீதி ஓட்டம். எங்கள் சந்தியில் தொடங்கி, கற்பிட்டி வீதி வழியே பாலாவிச் சந்திக்கு இந்தப் பக்கமுள்ள மைதானத்தில் முடியும். ஒலிபெருக்கி கட்டிய திறீவீலர் ஒன்று அதை அறிவித்துக்கொண்டு எங்கள் ஒழுங்கையால் வந்தது. எங்கள் வாசலில் வந்ததும் நின்றது. இம்முறை ஓட்டம், தாயகம் திரும்பும் எங்கள் கழகத்தின் முன்னணி வீரருக்கான பிரியாவிடை ஓட்டம் என்று அது சொன்னது. அந்த வீரன் தாழ்வாரத்தில் பாய் கட்டிக்கொண்டிருந்தான்.

திறீவீலருக்குள் இருந்து இறங்கியவன் கழகத் தலைவன், என் கூட்டாளி. கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரப் பொடியன், கடலுக்குப் போகிறவன். "எப்பிடி மச்சான் ஐடியா? உனக்கு ஒண்டாம் நம்பர் பனியன் எடுத்து வச்சிருக்கன்" என்றான். அவனிடமாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வாப்பா வெளியே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேல செஞ்சீங்க தம்பி. அவன்ட ஓட்டம் அங்க ஆருக்குத் தெரியப்போகுது" என்றார். அவர் குரலில் இருந்த பெருமையும் அதற்கடியில் இருந்த கவலையும் என் வாயை அடைத்தன.

என் ஓட்டத்தைப் பற்றி வாப்பாவுக்குத் தெரிந்தளவு யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சந்தி மதகில் குந்திக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் எடுப்பவர் அவர்தான். நான் வந்து சேர்ந்ததும் மூச்சு வாங்க விடாமல் சொல்வார்: "நாப்பத்தி ரெண்டு. நேத்தையவிட அரை நிமிசம் கூட. ராத்திரி என்ன திண்ட?" ஓடுவதைப் பற்றி அவருக்கு வேறொன்றும் தெரியாது. ஆனால் கால் வலித்தால் நான் எப்படி ஓடுவேன், கோபத்தில் எப்படி ஓடுவேன் என்பதெல்லாம் தெரியும்.

உம்மா உடுப்புகளை எல்லாம் ஒரே பெரிய பேக்கில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னுடையது மேலே இருந்தது. "நாளைக்கு ஓடுற உடுப்ப மட்டும் வெளிய வைக்கிறன். மத்ததெல்லாம் உள்ளுக்கு வச்சிட்டன். எதையும் விட்டுட்டுப் போறதா?" என்று கேட்டார். அது நல்ல கேள்வி. உம்மா அதைச் சும்மா கேட்டாரா, தெரிந்துகொண்டு கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "இல்ல உம்மா" என்றேன்.

அன்றைக்கே நான் ஒரு திட்டம் போட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். லொறி ஒன்பது மணிக்கு வருவதாக இருந்தது. வண்ணாத்திவில்லு தாண்டிக் காட்டுப் பாதையால் போகவேண்டும். மழை இறங்கினால் அந்தப் பாதை அடைபட்டுவிடும் என்று சாரதி முதல் நாளே புறுபுறுத்தார். ஓட்டம் ஆறரைக்கு. வழமையாக ஓடினால் ஏழேகாலுக்கெல்லாம் முடித்துவிட்டுத் திரும்பி வந்து லொறியில் ஏற வேண்டியதுதான். ஆகவே மெதுவாக ஓடுவேன். பாதியில் கால் பிடித்துக்கொண்டது என்று வீதியோரம் குந்திவிடுவேன். சாரதி அவசரப்படுத்துவார். "அவன் பின்னால பஸ்ஸில வரட்டும்" என்று வாப்பா சொல்வார். அவர்கள் போன பிறகு, வாயால் சொல்ல முடியாததை ஃபோனில் சொல்லிக்கொள்ளலாம். இருபத்தாறு வயது ஆம்பிளை போட்ட திட்டம் இது.

ஞாயிறு காலை வானம் மூட்டமாக இருந்தது. கடல் பக்கமிருந்து காற்று. சந்தியில் நாற்பது பேரளவில் நின்றோம். எனக்கு மாலை போட்டார்கள். நேற்று நான் மன்னிப்புக் கேட்ட அத்தனை பேரும் வீதியோரம் நின்று கைதட்டினார்கள். விசில் ஊதியது.

தொடக்கத்திலேயே வேகத்தைக் குறைத்தேன். எல்லாரும் என்னைத் தாண்டிப் போகட்டும் என்று காத்திருந்தேன். யாரும் தாண்டவில்லை. திரும்பிப் பார்த்தால் கூட்டம் அப்படியே எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. இன்னும் குறைத்தேன். அவர்களும் குறைத்தார்கள். என் கூட்டாளி பக்கத்தில் வந்து, "நீ போ மச்சான். இண்டைக்கு உன்ட நாள். ஒருத்தனும் உன்னத் தாண்ட மாட்டான், நான் எல்லாருக்கும் சொல்லிட்டன்" என்றான்.

"அப்பிடி வேணாம். நீங்க ஓடுங்க" என்றேன்.

"சும்மா இரு. வெக்கப்படாத."

நான் ஓரமாக ஒதுங்கினேன். கூட்டமும் ஓரமாக ஒதுங்கியது. நான் ஏறக்குறைய நடந்தேன். நாற்பது பேரும் ஏறக்குறைய நடந்தார்கள். முன்னால் போன திறீவீலர் ஒலிபெருக்கி மட்டும், விறுவிறுப்பான போட்டி, வீரர் முன்னணியில் என்று கத்திக்கொண்டு போனது. வெங்காயத் தோட்டத்தில் குனிந்து நின்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஓடினால் வேகமாக லொறியிடம் போய்ச் சேருவேன். ஓடாவிட்டால் இவர்கள் எல்லாரும் என்னோடு நின்றுவிடுவார்கள். பாசத்தால் இப்படி ஒருவனைக் கட்டிப்போடலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அப்போது பின்னால் ஹோர்ன் சத்தம் கேட்டது.

மழைக்குப் பயந்த சாரதி ஓட்டம் தொடங்கிய கையோடு வந்து சாமான்களை ஏற்றச் சொல்லியிருக்கிறார். மகனைப் போகிற வழியில் மைதானத்தில் ஏற்றிக்கொள்வோம் என்று வாப்பா சொல்லியிருக்கிறார். ஓட்டத்துக்காக வீதியை மறித்துக் கயிறு பிடித்து நின்ற கழகப் பொடியன்கள் வேறெந்த வாகனத்தையும் விடவில்லை. என்னுடைய லொறி என்பதால் இதை மட்டும் விட்டார்கள்! கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அலுமாரியும் கட்டிலும், அவற்றின் மேல் தென்னங்கன்றுமாக லொறி ஊர்ந்து வந்து என் பக்கத்தில் சேர்ந்தது. நான் எதைத் தவறவிட நினைத்தேனோ அது என் தோளுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டு வந்தது.

இடது பக்க ஜன்னலில் வாப்பா. அவருக்கு அங்கால் உம்மா, சுவர் மணிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு. வாப்பா பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"காலில என்ன?"

"ஒண்டுமில்ல வாப்பா."

"வயித்தில?"

"இல்ல."

அவர் என் கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். லொறியும் நானும் ஒரே வேகத்தில் போனோம். எவ்வளவு தூரம் அப்படிப் போனோம் என்று தெரியவில்லை. ஒரு பள்ளிவாசலைக் கடந்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு அவர் தலையை வெளியே நீட்டி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"உனக்கு ஓட விருப்பமில்லையா, வர விருப்பமில்லையா?"

நான் முன்னால் பார்த்துக்கொண்டு ஓடினேன். சொல் என்று எனக்குள் ஒருவன் கத்தினான். என் வாய் திறக்கவில்லை. வாப்பா ஜன்னலால் இரண்டு கையையும் வெளியே நீட்டினார்.

"தெரிஞ்சோ தெரியாமலோ என்னால ஏதும் பிழை நடந்திருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க."

நேற்று முப்பத்தொரு வீட்டில் சொன்ன அதே சொற்கள். போகிறவர் இருப்பவரிடம் கேட்பது. என்னிடம் கேட்டார். ஓடிக்கொண்டே அந்தக் கைகளைப் பிடித்தேன். அவை குளிர்ந்திருந்தன. இருப்பவர் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். முதல் நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்தது.

"அப்பிடி ஒண்டுமில்ல வாப்பா. நீங்களும் என்னப் பொறுத்துக்கொள்ளுங்க" என்றேன்.

உம்மா முகத்தை மணிக்கூட்டின் பக்கம் தாழ்த்திக்கொண்டார். வாப்பா கையை விட்டார். "அப்ப ஓடு" என்றார்.

ஓடினேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை அந்த வேகம். தொதலும் வட்டிலப்பமும் முப்பத்தொரு பிளேன்டீயும் எங்கே போயினவோ. பின்னால் கூட்டமும் ஓவென்று கத்திக்கொண்டு பாய்ந்தது. இப்போதுதான் உண்மையான ஓட்டம் தொடங்கியது என்று என் கூட்டாளிக்குப் பட்டிருக்க வேண்டும். பாலாவி உப்பளங்கள் தெரியத் தொடங்கிய இடத்தில் அவன் என்னைத் தாண்டிப் போனான். இன்னும் மூன்று பேர் தாண்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த இரண்டு நாளிலும் நான் மூச்சு விட்டது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

ஐந்தாவதாக முடித்தேன். மைதானப் புல்லில் குந்தினேன். மூச்சு நெஞ்சுக்குள் இறங்க மறுத்தது. அப்போது யாரோ கத்தினார்கள்: "லொறி போகுது! ஐயோ, அவன விட்டுட்டு லொறி போகுது!"

மைதானத்துக்கு வெளியே எங்கள் அலுமாரியின் முதுகு வீதியில் போவதைக் கண்டேன். சரி, போகட்டும் என்று கையை உயர்த்தினேன். அதை நான் கூப்பிடுகிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். நாலைந்து பேர் ஓடி வந்து என்னைத் தூக்கினார்கள். என் கூட்டாளி யாருடையதோ மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு வந்து நின்றான். "ஏறு மச்சான், புடிச்சிரலாம்!" நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று சொல்ல எனக்கு மூச்சு இருக்கவில்லை. ஒருவன் என்னைப் பின் சீற்றில் தூக்கி வைத்தான், இன்னொருவன் என் காலை மிதியில் வைத்தான். ஊரே உதவி செய்தது.

"நிப்பாட்டு" என்றேன். காற்றில் போய்விட்டது. அவன் முதுகில் தட்டினேன். "பயப்படாத, புடிக்கிறன்!" என்று இன்னும் முறுக்கினான்.

பாலாவிச் சந்திக்குச் சற்று முன்னால் ஹோர்னை விடாமல் அமத்திக்கொண்டு லொறியின் பக்கத்தில் போனான். வாப்பா கண்ணாடியில் எங்களைக் கண்டுவிட்டார். லொறி ஓரங்கட்டி நின்றது.

நான் இறங்கி நடந்தேன். அதற்குள் முன் கதவு திறந்திருந்தது. வாப்பா உம்மாவை நெருக்கிச் சாரதிப் பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தார். காலடியில் கிடந்த பேக்கை எடுத்து மடியில் வைத்திருந்தார். ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம். முழங்கால் தேய்ந்த மனிதர், லொறி நின்று நான் நடந்து வருவதற்குள் இவ்வளவையும் செய்து முடித்திருந்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன். காட்டுக்குள் நின்று, ஞாபகம் இருக்கா மகன் என்று கேட்டபோது இருந்த அதே முகம்.

அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஓம் சொன்னேன். கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு வரும்வரை நின்றேன்.

"வாப்பா, நான் வரல்ல."

கடைசியில் வாயால் சொல்லிவிட்டேன். பின்னால் மோட்டார் சைக்கிள் இரைச்சல் சட்டென்று நின்றது. கூட்டாளிக்கும் கேட்டிருக்கும்.

வாப்பா கொஞ்சமும் தாமதிக்கவில்லை. "தெரியும் மகன்" என்றார். "ஓடி வந்த பிள்ள, தண்ணி குடிக்காம நிக்கிறானே எண்டுதான் கதவத் துறந்தன்."

பயணத்துக்கென்று உம்மா நிரப்பி வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை வாப்பா தேடி எடுத்து நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன். அவருக்கும் எனக்கும் நடுவில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. குடித்து முடித்தால் கதவைச் சாத்துவார் என்று தெரிந்ததால், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் மெதுவாகக் குடித்தேன்.